ஐக்கன்கள் மறைந்த கிழமை

கனடாவில் என் தம்பிக்குத் தொண்டையில் புற்றுநோய். வெட்டி எடுத்தபோது குரலும் போய்விட்டது. அதற்குப் பிறகு ரெலிபோன் எடுத்து என்ன பிரயோசனம்? அவனுடைய மனைவிதான் பேசுவாள். பக்கத்தில் அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். அம்மா அந்த மூச்சைக் கேட்டுக் கேட்டு அழுவா.

அதனால்தான் வேலணை வீட்டுக்குக் கொம்பியூட்டரும் கமராவும் வாங்கினேன். கம்பியில்லாத ரெலிபோனை அதில் கொழுவினால் இன்டர்நெற் ஊர்ந்து ஊர்ந்து வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியின் முகம் விட்டுவிட்டு அசையும். இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்த அம்மா, அன்றைக்கு மட்டும் தலை வாரி இழுத்துத் திருநீறு பூசிவிடச் சொல்லுவா.

சமாதானம் என்று சொன்ன காலம் முடிந்து, திரும்பவும் ஆமியின் சுற்றிவளைப்புகள் தொடங்கியிருந்தன. பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக் கொம்பியூட்டரைப் போடச் சொல்லி, வெளிநாட்டில் யாரோடு கதைக்கிறீர்கள் என்று ஆமி துருவித் துருவிக் கேட்டதாம். எங்கள் வீட்டுக்கும் வந்தால் இன்டர்நெற் இருப்பதை எப்படி ஒளிப்பது? கந்தோரில் கூட வேலை செய்த ஒருத்தி வழி சொன்னாள்.

"உள்ளுக்கை சேவிஸ் எண்டு ஒரு லிஸ்ற் கிடக்கு அக்கா. அதிலை ஒண்டை நிப்பாட்டிவிட்டால் இன்டர்நெற் ஐக்கன் எல்லாம் மறைஞ்சுபோம். தேவைப்படேக்கை திரும்பப் போடலாம்."

அன்று பின்னேரமே செய்தேன். பயம் பிடித்தவளுக்கு ஒன்று காணுமா? அவள் சொன்னதோடு இன்னும் மூன்று நாலையும் நிப்பாட்டினேன். திரையில் கிடந்த ஐக்கன்கள், அந்தச் சின்னச் சின்னப் படங்கள், போயின. நானும் பெரிய கெட்டிக்காரிதான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை திரும்பப் போடப் பார்த்தால், எதெதை நிப்பாட்டினேன் என்று ஞாபகமில்லை. இணைப்புகள் இருந்த பக்கம் வெறுமையாகக் கிடந்தது. வழி சொன்னவள் கொழும்புக்குப் போய்விட்டாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை முகமில்லாமல் போனது. தம்பியின் மனைவி ரெலிபோன் எடுத்தாள். "கெதியாத் திருத்துங்கோ மச்சாள். இவருக்கு நாள் கனக்க இல்லையாம். அம்மாவைப் பாக்கவேணும் எண்டு எழுதி எழுதிக் காட்டுறார்."

திங்கட்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து திருத்துகிற அண்ணை ஒருவர் மோட்டச் சைக்கிளில் வந்தார். திரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீர் எங்கையும் கை வைச்சனீரோ?"

பக்கத்து அறையில் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தா.

"நான் ஏன் கை வைக்கிறன்? அது தானாத்தான் போனது!" என்று எரிந்து விழுந்தேன்.

ஆமி நிற்கிற மூன்று சென்றி தாண்டிப் போகிற மனுசனிடம் ஒளித்த கதையை எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பொய். அம்மாவுக்கு முன்னால் வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவர் என்னை நம்பினார், பாவம். வயரை மாற்றினார், ரெலிபோனுக்குரிய சொவ்ற்வெயாரைத் திரும்பப் பதிந்தார். ஒன்றும் சரிவரவில்லை. "கடையிலை வைச்சுத்தான் பாக்கவேணும்" என்று கொம்பியூட்டர்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் எங்கேயோ குண்டு வெடித்துப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். வியாழக்கிழமை விடியத் தம்பி செத்துப்போனான்.

வெள்ளிக்கிழமைதான் அண்ணை பெட்டியைக் கொண்டுவந்தார். அம்மா அழுது களைத்து நித்திரையாகியிருந்தா. "நாலைஞ்சு சேவிஸ் நிப்பாட்டிக் கிடந்தது தங்கச்சி. ஆரோ கையாலை நிப்பாட்டியிருக்கினம். அண்டைக்குத் தெரிஞ்சிருந்தால் ரெண்டு நிமிச வேலை." என் முகத்தைப் பார்த்துவிட்டு வயர்களைக் கொழுவினார். ஐக்கன்கள் எல்லாம் பழைய இடத்தில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அதில்தான் செத்தவீடு பார்த்தோம். பெட்டிக்குள் தம்பி மெலிந்து கிடந்தான். அம்மா திரையைத் தடவித் தடவி அழுதா. நான் தலையில் அடித்துக் குழறினேன். அவ என் கையைப் பிடித்து நிறுத்தினா.

"நீ என்ன செய்வாய் பிள்ளை? அந்த அண்ணையைக் கூப்பிட்டு, ஓடித் திரிஞ்சு, உன்னாலை ஏலுமானதெல்லாம் செய்தனீ."

"ஓம் அம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அம்மா உயிரோடு இருந்தா. நான் சொல்லவேயில்லை.