ஜூன் என்றால் ஐந்து

வெப்சைட் செய்யக் கற்றுக்கொள்பவர்கள், முதலில் எதைச் செய்து பார்ப்பது என்று என்னிடம் கேட்பதுண்டு. கால்குலேட்டர் செய்யுங்கள், யார் குடியும் கெடாது என்பேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். என் முதல் பயிற்சியில் அக்காவின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அம்மா என்னைச் சேர்த்துவிட்டாள். வீட்டில் கல்யாண வேலை நடக்கும்போது நான் குறுக்கும் நெடுக்கும் ஓடாமல் இருந்தால் போதும் என்பதுதான் அவளுடைய நோக்கம். அங்கே சொல்லிக்கொடுத்த அண்ணன், விடுமுறை முடிவதற்குள் ஆளுக்கு ஒன்றைச் சொந்தமாகச் செய்து காட்ட வேண்டும் என்றார். ஊர் ஆரணி ஆயிற்றே, கூடப் படித்த பையன்கள் அத்தனை பேரும் பட்டுப்புடவைக் கடை போடக் கிளம்பினார்கள். ஒரு பட்டனை ஒழுங்காக வைக்கத் தெரியாது, உலகத்துக்கே புடவை விற்கத் திட்டம்! அப்பாவுக்குப் புடவைக் கடையில்தான் வேலை என்பதால் எனக்குப் புடவை அலுத்திருந்தது.

"சின்னதா எடு பாப்பா. கால்குலேட்டர் பண்ணு" என்றார் அண்ணன்.

கால்குலேட்டரை யார் பார்ப்பார்கள்? நான் செய்வதை நாலு பேர் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாமா? அக்கா கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று தானாகவே குறைந்துகொண்டு வரும் ஒரு பக்கம் செய்கிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் சின்னதுதான், செய் என்று விட்டுவிட்டார்.

அக்கா நர்ஸ் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். மாப்பிள்ளை வீடு தெள்ளார். அவருக்குச் சென்னையில் வேலை. ஜூன் மாதத்தில் நாள் குறித்த பிறகு பார்த்தால், அக்காவின் கடைசிப் பரீட்சையும் அதே வாரத்தில் வந்து நின்றது. "பரீட்சை எங்க ஓடிடப் போவுது? அடுத்த வாட்டி எழுதிக்கலாம்" என்றாள் அம்மா. தேதியை மாற்றச் சொல்லிக் கேட்க அப்பாவுக்குத் தைரியம் இல்லை. பெண் வீட்டுக்காரன் வாயைத் திறந்தால் சம்பந்தமே கெட்டுப்போகும் என்று பயந்தார். அக்கா யாரிடமும் சரியாகப் பேசாமல் வளைய வந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

பக்கம் தயாரானது. ரோஸ் கலர் பின்னணி, இரண்டு பக்கமும் குத்துவிளக்குப் படம், நடுவில் நாள், மணி, நிமிடம், நொடி. நொடி குறைவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் அதை இன்டர்நெட்டில் ஏற்றிக்கொடுத்தார். முதலில் அக்காவிடம்தான் காட்டினேன். போனை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கோடையில் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ரொம்ப நல்லா இருக்குடி. ஒண்ணும் மாத்தாத, இப்டியே மாமாவுக்கு அனுப்பு" என்றாள்.

மாமா அம்மாவின் தம்பி. அவர் போனுக்கு ஒன்று போனால், பொழுது சாய்வதற்குள் சொந்தபந்தம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். அப்படியே போனது. மறுநாள் காலையில் தேவிகாபுரத்து அத்தை அப்பாவைக் கூப்பிட்டாள்.

"இன்னாடா, கல்யாணத்த ஆனி மாசத்துக்குத் தள்ளிட்டியா? கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

என் பக்கத்தைப் பார்த்துவிட்டு, காலண்டரை வைத்து நாள் எண்ணியிருக்கிறாள். ஒரு மாதம் கூடுதலாக வந்திருக்கிறது. மாமா அதை மாப்பிள்ளை வீட்டுக்கும் அனுப்பியிருந்தார் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் சென்டருக்கு ஓடினேன். அண்ணன் ஒரே ஒரு வரியைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் மாசத்த சைபர்லேர்ந்து எண்ணும்னு சொன்னேனா இல்லியா? ஜனவரி சைபர். ஜூன்னா அஞ்சு. நீ ஆறு போட்டுகினு வந்து நிக்கற!"

சொல்லியிருப்பார். அவர் சொன்ன அன்றைக்கு நான் அக்காவுக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போயிருந்தேன். ஆறை ஐந்தாக மாற்றிவிட்டேன். ஆனால் பார்த்தவர்கள் பார்த்தாயிற்றே. என்னால் அக்காவின் கல்யாணம் நின்றுவிடும் என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

நான் உள்ளே நுழையவும் தெள்ளாரிலிருந்து போன் வரவும் சரியாக இருந்தது. அப்பா எழுந்து நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போட்டார். "சம்பந்தியம்மா, அது வந்து, கொழந்த தெரியாம..." என்று ஆரம்பித்தவரை அந்த அம்மாள் முடிக்கவிடவில்லை.

"நீங்களே தள்ளி வெச்சிட்டீங்க, புண்ணியமா போச்சுங்க! பையனுக்கு ஜூன்ல லீவு இல்லன்னுட்டாங்க. உங்ககிட்ட எப்டி சொல்றதுன்னு பேஜார் பட்டுகினு இருந்தோம்."

அப்பா மீதி வாக்கியத்தை அப்படியே விழுங்கினார். "அதாங்க, நாங்களும் எல்லாம் யோசிச்சுதான் செஞ்சோம்" என்றார் கம்பீரமாக. போனை வைத்த பிறகுதான் உட்கார்ந்தார். என்னை மொத்துவதற்காக ஓங்கியிருந்த கையால் அம்மா தன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஆனியில் மண்டபமும் கிடைத்தது. என் பக்கம் காட்டிய நாள் அஷ்டமி என்பதால் இரண்டு நாள் தள்ளி வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கு அஷ்டமி நவமி எல்லாம் தெரியாதல்லவா! அக்கா பரீட்சை எழுதித் தேறி, அதன் பிறகு மணையில் உட்கார்ந்தாள். இன்றைக்கு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள்.

அன்றைக்கு அழுது வீங்கிய என் முகத்தை மடியில் போட்டுக்கொண்டு, தலையைக் கோதிவிட்டது அக்காதான். தங்கையைச் சமாதானப்படுத்துகிறாள் என்று மட்டும்தான் எனக்குப் புரிந்தது. பரீட்சை டைம்டேபிளை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி, தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வந்தவள் அவள். ஜூனுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அந்த வீட்டில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. என் பக்கத்தை எல்லோருக்கும் முன்னால் பார்த்தவளும் அவள்தான்.