வலிக்காத புள்ளி

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே என்று விசாரித்தவர்களுக்கு... விரலில் ஆபரேஷன். காரணம்? என் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

மகர்பட்டாவில் எங்கள் வீடு கடைசி மாடி. மொட்டைமாடியில் ஒரு மரப் பந்தல் உண்டு. மழையில் வெளுத்துப்போன அதற்கு ஸ்டெயின் என்கிற மரச்சாயம் அடிக்க போபோடியிலிருந்து ராணியம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். ரஞ்சன்காவில் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் பல வருடம் பெயின்ட் அடித்தவர். இப்போது சொந்தமாக ஏர்லெஸ் ஸ்ப்ரேயர் வைத்திருக்கிறார். காற்றே கலக்காமல், ஸ்டெயினை அசுர அழுத்தத்தில் பீய்ச்சுகிற மெஷின். பிரஷ் பிடித்தால் இரண்டு நாள் இழுக்கிற வேலை, ஒரே காலையில் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

வேடிக்கை பார்த்த எனக்குக் கை சும்மா இருக்குமா? அவர் அடுத்த டின்னைக் கலக்கத் திரும்பினார். நான் ஸ்ப்ரே துப்பாக்கியை எடுத்து லாக்கைத் தள்ளிவிட்டேன். முனையில் ஒரு சொட்டு தொங்கியது. சாஸ் பாட்டில் வாயை வழிப்பதுபோல் இடது ஆள்காட்டி விரலால் வழித்தேன் — வலது கை டிரிகரில்!

‘ப்ஸ்க்’ என்றது. விரல் நுனியில் குண்டூசி குத்தியதுபோல் ஒரு புள்ளி. ரத்தமில்லை. வலியில்லை. அசடு வழிய விரலை மடக்கிக்கொண்டேன்.

ராணியம்மா சத்தத்துக்கே திரும்பிவிட்டார். மெஷினை அணைத்துவிட்டு விரலைக் காட்டச் சொன்னார். வலிக்கவே இல்லை, மழை வருவதற்குள் வேலையை முடியுங்கள் என்றேன்.

“வலிக்கலன்றதுதான் சார் பயமே. ரஞ்சன்காவ்ல எங்கூட இருந்தவரு வலிக்கலன்னுட்டு வீட்டுக்குப் போனாரு. மறுநாளு வெரலயே எடுத்துட்டாங்க. சலா, கெளம்புங்க, ரிக்‌ஷா புடிக்கலாம்.”

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் புள்ளியைப் பார்த்தார். ஒரு டிடி ஊசி, ஒரு பிளாஸ்திரி, கிளம்பலாம் என்றார். எனக்கோ ஜெயித்துவிட்ட சந்தோஷம். ராணியம்மா நகரவில்லை. பர்ஸிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட கார்டு ஒன்றை எடுத்து நீட்டி, முதலில் இதைப் படியுங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். மெஷினோடு வந்த கார்டு அது. டாக்டர்களுக்கென்றே அச்சடித்தது. பார்க்கச் சின்னக் காயம்தான், ஆனால் உள்ளே பெயின்ட் பாய்ந்திருக்கும், உடனே சர்ஜனைக் கூப்பிடுங்கள் என்று இங்கிலீஷில் இருந்தது.

டாக்டர் படித்தார். முகம் மாறியது. போனை எடுத்தார்.

அன்று மதியமே விரலை உள்ளங்கை வரை திறந்தார்கள். ஸ்டெயின் அதுவரை ஓடியிருந்ததாம். நாளைக்கு வந்திருந்தால் விரல் உங்களுடையதாக இருந்திருக்காது என்றார் சர்ஜன்.

ரத்தத்தைப் பார்த்தால் பதறுகிறோம். வலித்தால் ஓடுகிறோம். இரண்டும் இல்லையென்றால் யார் சொன்னாலும் கேட்பதில்லை... நாமெல்லாம் படித்தவர்களாம்! ‘சரி சார்’ என்று மிச்சத்தையும் அடித்துவிட்டு ராணியம்மா போயிருக்கலாம். யார் அவரைக் கேட்டிருக்கப் போகிறார்கள்? அவர் போகவில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பத்து விரலும் சேர்த்துக் கும்பிடுகிறேன்.

நேற்று மிச்ச வேலையை முடிக்க வந்தார். என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மொட்டைமாடிக்குப் போய், கதவை அந்தப் பக்கமாகத் தாழ் போட்டுக்கொண்டார்.

தட்டவே இல்லையே நான்!