பாடலாம் என்றார் டாக்டர்

முதலில் சத்தம்தான் கேட்டது. வலது முட்டிக்குள் டப்பென்று ஒன்று விட்டுப்போனது. எதிரணி ஆள் என் கணுக்காலைப் பிடித்திருந்தான். நான் உடம்பைத் திருப்பினேன், பாதம் திரும்பவில்லை. வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

அது 1991. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஒரு கம்பெனியின் கபடி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தேன். பகலில் லைனில் வேலை, மாலையில் கோயில் மைதானத்தில் ஆட்டம். வேலை தற்காலிகம்தான். அந்த சீசன் நன்றாக ஆடினால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

எனக்குப் பதிலாக அன்று இறங்கியவன் டேவிட். என் மனைவி சகாயத்தின் தம்பி. என் சிபாரிசில் அணிக்கு வந்தவன். முதல் முறை உள்ளே போனபோதே இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். வீங்கிய முட்டியைவிட அதுதான் எனக்கு எரிந்தது.

சென்னையில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். தெற்கத்திக்காரர், பொறுமையானவர்.

“எப்படி அடிபட்டுச்சு?”

“பாடிக்கினு போயி திரும்பறப்போ மடங்கிடுச்சு சார்.”

கபடியில் எதிரணிக் களத்துக்குள் போய்த் தொட்டுவிட்டு வருவதை எங்கள் பக்கம் பாடுவது என்றுதான் சொல்வோம். அவர் சீட்டில் என் பெயரைப் பார்த்தார். ஆரோக்கியசாமி.

“எங்க பாடுவீங்க?”

“கோயில் மைதானத்துல சார். சாயங்காலமானா தெனம்.”

“நல்ல விஷயம்.”

“திரும்பப் பாடலாமா சார்?”

“அதுக்கென்ன, தாராளமாப் பாடலாம். காலுக்கு மட்டும் ரெஸ்ட் குடுங்க.”

கபடி என்ற சொல் அந்த அறையில் யார் வாயிலும் வரவில்லை. ஓய்வு என்றால் ஆட்டம் இல்லாத நேரத்தில் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் சகாயம் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தபடி தம்பியின் ஆட்டத்தைச் சொல்லுவாள். “இன்னா அவசரம் உனக்கு? காலு சரியாவட்டும். அவன்தான் பாத்துக்கிறானே.”

அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கு வயிறெரிந்தது. என் இடத்தை அவன் பார்த்துக்கொள்ள நான் என்ன செத்தா போய்விட்டேன்? வீக்கம் வடிந்ததும் களத்தில் இறங்கினேன். முதல் பாட்டிலேயே திரும்பும்போது முட்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. இந்த முறை சத்தமே இல்லை.

அதே டாக்டர். லிகமென்ட் (மூட்டுக்குள் எலும்புகளை இழுத்துப் பிடித்திருக்கும் நார்) முழுதாக அறுந்திருந்தது. மெனிஸ்கஸ் (எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்திருந்தது.

“என்ன செஞ்சீங்க?”

“பாடினேன் சார். நீங்கதான சொன்னீங்க.”

“கோயில்ல பாட்டுப் பாடினா முட்டி இப்படி ஆகுமா?”

“கபடி சார்,” என்றாள் சகாயம்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முதலில் பாதிதான் அறுந்திருக்க வேண்டும், ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்றார்.

முட்டி போய் இதைப் படிக்கிறவர்களுக்கு என் புத்திமதி இது ஒன்றுதான். வாயால் சொல்லாதீர்கள். டாக்டர் முன்னால் எழுந்து நின்று, என்ன ஆடுகிறீர்கள், எப்படித் திரும்புகிறீர்கள் என்று செய்து காட்டிவிடுங்கள்.

அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்தபோது வலது தொடை யாரோ ஒரு நோஞ்சானுடையது போல இருந்தது. பிசியோதெரபி (பயிற்சி கொடுத்துத் தசையைத் தேற்றும் சிகிச்சை) செய்த அம்மா நல்லவர். நடந்தேன், படி ஏறினேன். “ஓடுங்க” என்றால் மட்டும் கால் மறுத்துவிடும். பயம்தான், வேறு குறை இல்லை என்றார்.

கம்பெனியில் என்னை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். டேவிட் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தான். “மாமா, பர்மனன்ட் பண்ணிட்டாங்க.” ஒன்றை எடுத்துத் தின்றேன். நன்றாக இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

கம்பெனி மைதானத்தில் அடுத்த ஆட்டம். நான் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்திருந்தேன். டேவிட் பாடப் போனான். நாலு பேர் அமுக்கியும் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். எல்லோரும் எழுந்தார்கள், அவன் எழவில்லை. வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

நான் ஓடினேன்.

அவனுக்காக ஓடினேன் என்று எழுத ஆசைதான். அவன் முட்டியைப் பார்க்க ஓடினேன். எனக்கு நேர்ந்தது அவனுக்கும் நேர்ந்துவிட்டதா என்று எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மண்டியிட்டு அவன் முட்டியை அழுத்திப் பார்த்தேன். சிராய்ப்புதான். கெட்டியாக இருந்தது.

“மாமா, நீ ஓடியாந்த,” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

“ஒண்ணும் இல்ல, எழுந்திரு.”

அவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். என் கால் அப்போதுதான் பழையபடி கனத்தது. வந்த வேகம் எங்கே போனதென்று தெரியவில்லை. எல்லைக் கோடு பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் அடுத்த ஊர் தண்டலம்வரை நடப்பது போல நீண்டது. ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடி நின்றார். இரண்டு அணியும் நின்றன. டேவிட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நான் வெளியே போகக் காத்திருந்தான்.

நான் அவசரப்படவில்லை.