ஒத்தச்செருப்பு வீட்டுக் கல்யாணம்

கஸ்தூரிக்குப் பிடிக்காத ஒரே சொல் அவள் வீட்டுப் பெயர்தான். ஒத்தச்செருப்பு! எந்தக் காலத்திலோ கொள்ளுத்தாத்தா கோயில் வாசலில் கழற்றிவிட்ட செருப்பில் ஒன்றை எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான். "எடுத்தவன் பாத்து வெக்கப்படட்டும்" என்று மனுஷர் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்போடு ஒரு மாசம் திருவண்ணாமலைத் தெருவெல்லாம் நடந்தாராம். திருடன் வெட்கப்பட்டானோ என்னவோ, பெயர் வம்சத்துக்கே ஒட்டிக்கொண்டது. தெருவில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் ஒத்தச்செருப்பு ஆதிமூலம். பாதி ஊருக்குப் பிரசவம் பார்த்த நர்ஸ் ஒத்தச்செருப்பு சரோஜா. செங்கம் பஸ் கண்டக்டரான கஸ்தூரியின் அப்பா முருகையனையும், "ஒத்தச்செருப்பாரே, ஒரு டிக்கெட்டுங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே கிழித்துக் கொடுப்பார்.

1979 தை மாசம் கஸ்தூரிக்குக் கல்யாணம், வேலூர் மாப்பிள்ளை. பத்திரிகையில் அந்தப் பெயர் வரவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"நேர்ல வெக்கப் போனா நீ வாய் தவறி அதைத்தான்பா சொல்லுவ. எல்லாத்தையும் தபால்ல போட்டுடலாம்."

முருகையனின் முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் பெண்ணுக்காகத் தலையாட்டினார்.

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் நெருங்கிய சொந்தம் பத்துப் பேரும் தவிர, மண்டபம் முழுக்க வெறும் நாற்காலிகள். ஊரில் ஒரு கல்யாணம் விடாமல் போய்ப் பந்தி பரிமாறிய முருகையன், சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் தனியாக நின்றார். சைக்கிளில் போன பால்காரர் சகாதேவன் அவரைப் பார்த்துவிட்டுச் சட்டென்று இறங்கினார்.

"அட, உங்க வீட்டுக் கல்யாணமா? கே. முருகையன்னு கார்டு வந்துச்சு. யாரோ என்னவோன்னு வெச்சுட்டேங்க!"

ஜன்னலோரம் நின்ற கஸ்தூரியின் காதில் அது விழுந்தது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம்! பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் மைக்செட்காரரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"நான் ஒத்தச்செருப்பு வீட்டுக் கஸ்தூரி பேசறேன். எனக்குத்தாங்க இன்னிக்குக் கல்யாணம். எங்கப்பா ஒத்தையா நிக்கிறாரு. எல்லாரும் சீக்கிரம் வாங்க!"

நாலு தெருவுக்குக் கேட்டது. தலை துவட்டிய துண்டோடு வந்தவர்களும் உண்டு. சோறு போதாமல் மறுபடி உலை வைத்தார்கள். முருகையனுக்குச் சந்தனம் நீட்டி நீட்டிக் கை ஓய்ந்துபோயிற்று.

1986இல் அவர் போய்விட்டார். அஞ்சலி போஸ்டருக்கு அச்சகத்துக்காரர் "கே. முருகையன், கண்டக்டர்" என்று எழுதி வைத்திருந்தார். கஸ்தூரி பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, "ஒத்தச்செருப்பு முருகையன்" என்று எழுதினாள்.

"இதைப் பெரிசாப் போடுங்க. எங்கப்பா மறுபடியும் ஒத்தையா நிக்கக் கூடாது."