மாமா செய்த சக்கரப் பலகை

லோடு ஆட்டோவிலிருந்து இறங்கிய அந்த இரும்புப் பலகையைப் பார்த்ததும் என் மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டார். ஓர் ஆள் கால்நீட்டிப் படுக்கும் நீளம். அடியில் எந்தப் பக்கமும் திரும்பும் ஆறு சிறு சக்கரங்கள். "வண்டிக்கு ஒரு வண்டியா?" என்றார். அதைச் செய்யச் சொல்லியிருந்த மாமனார் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கூடவே வந்த இரும்புலியூர் பட்டறைக்காரர்தான் சமாதானம் சொன்னார்: "இன்னாம்மா இப்டி சொல்லிட்டே? மோட்டார் சைக்கிள ஏத்தி நிறுத்து, ஒரே கையால தள்ளு, வெண்ணெ மாதிரி போவும்."

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில் கார், கிரைண்டர், தண்ணீர் டிரம்கள், என் கல்யாண பீரோ எல்லாம் முட்டிக்கொண்டு நின்றன. சுவரோரம் சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி. லாரித் தண்ணீர் வரும்போது அதைத் திறந்தாக வேண்டும் என்பதால், மாமாவின் பழைய மோட்டார் சைக்கிள் காருக்குப் பின்னால் குறுக்கே நிற்கும். முட்டிவலி வந்தபின் மூன்று வருடங்களாக அவர் அதை ஓட்டவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து மட்டும் வைப்பார். காரை எடுக்க வேண்டுமென்றால் என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து அதை இழுக்க வேண்டும். விற்றுவிடலாம் என்று அத்தை சொன்னார். நானும் சொன்னேன். அவர் விற்காமல் பலகை செய்துகொண்டு வந்தபோது, கிழவருக்கு இத்தனை பிடிவாதமா என்று உள்ளுக்குள் எரிச்சல்பட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மதியம் அத்தைக்கு இளைப்பு கண்டது. உறிஞ்சும் மருந்துக்கு அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். கொட்டுகிற மழையில் தெருவில் ஓர் ஆட்டோ இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். காருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள். அதன் கீழே பலகை இருப்பதே எனக்கு மறந்துபோய், ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். நிலைப்படியைப் பிடித்தபடி மாமா கத்தினார்: "இழுக்காதம்மா! சக்கரத்து பிரேக்க கால்ல தட்டு, தட்டிட்டு தள்ளு!" தட்டினேன். இடுப்பால் ஒரு தள்ளு. அவ்வளவு பெரிய வண்டி சத்தமில்லாமல் திரும்பி நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தாண்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எப்படியோ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, "நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க, பயமில்ல" என்றார். மாமா அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"போன மழைக்கும் இவளுக்கு இப்படி இழுத்துதும்மா. நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ்ல இருந்தீங்க. காரை எடுக்கலாம்னு போனா, அந்த வண்டிய ஓர் அடி நகர்த்த முடியல என்னால. ஏதோ மருந்துல அடங்கிச்சு. விக்கவும் மனசு வரல, பயமும் போகல."

வீட்டில் யாரிடமும் அவர் இதைச் சொல்லியிருக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே போனபோது அத்தை ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி, "ரெண்டு பேரும் சாப்ட்டீங்களா?" என்றார். மாமா சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

இன்று அத்தைக்கு எண்பது நெருங்குகிறது. மழை பெய்யும் மதியங்களில் பக்கத்து அறையிலிருந்து அவருடைய குறட்டை கேட்கும். அதைக் கேட்டபடியே நானும் கண்ணயர்ந்துவிடுவேன்.