இறுக்கிச் சுற்றிய வயர்

மதுரையிலிருந்து பத்திரிகைப் பக்கங்கள் மாலை ஐந்தரைக்கு மேல் ஒவ்வொன்றாக வரும். பிழை திருத்தி ஏழு மணிக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு முன்னறைக் கம்ப்யூட்டரில் மூன்று வருஷமாக இதைச் செய்து வந்தேன். அதற்கு முன் பதினெட்டு வருஷம், மதுரையில் மூன்று பேர் சேர்ந்து எடுத்த ஓர் அறையில் தங்கி, வாரத்தில் ஒருநாள் மட்டும் வீட்டுக்கு வந்து போனவன். என் மனைவி ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். அந்தப் பதினெட்டு வருஷமும் நான் வந்த நாள் அவளுக்கு வேலைநாளாகவே இருந்தது.

ஒரு புதன்கிழமை இணையம் மெதுவானது. ஒரு நிமிஷத்தில் இறங்கும் பக்கம் கால்மணி நேரம் எடுத்தது. அன்று ஏழே காலுக்கு அனுப்பினேன், மறுநாள் ஏழரைக்கு. அதற்கடுத்த வாரமும் அதே கதைதான். செய்தி ஆசிரியர் போனில் கோபப்படவில்லை. வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம், சரியாகாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து ஆபீசுக்கே வந்துவிடுங்கள் என்றார். கோபப்பட்டிருந்தால் பேசிச் சமாளித்திருக்கலாம்.

செய்தி சேகரிப்பது போலவே இதையும் அணுகினேன். முதல் புதன்கிழமையிலிருந்தே ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்துவந்தேன். காலையில் மெதுவா, மாலையில் மட்டுமா? எல்லா நேரமும்தான். மோடத்தை அணைத்துப் போட்டேன். வைஃபை இல்லாமல் நேரே வயரைக் கம்ப்யூட்டரில் செருகினேன். மாற்றமில்லை. மனைவியின் போனை வைஃபையில் இணைத்தால் அதிலும் படம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆகக் கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை என்று எழுதினேன். போனின் சொந்த இணைப்பிலிருந்து பக்கங்களை இறக்கலாம் என்றால், எங்கள் தெருவில் சிக்னல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும்.

அப்படியும் மனசு கேட்காமல் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். ஃபேனைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு படிந்திருந்தது.

“ஏட்டி, ஒங் கம்பெனிப் பஞ்சு பூராம் இதுக்குள்ளதான் இருக்கு.”

அவள் அடுக்களையிலிருந்தே சொன்னாள்: “நேத்து நடந்தத இன்னைக்கிப் போடுத பேப்பருக்கு இந்த வேகம் போதும்.”

பஞ்சைத் துடைத்தேன். ஃபேன் சத்தம் குறைந்தது, வேறு பயனில்லை.

அடுத்தவீட்டு டீச்சரம்மாவுக்கு எங்கள் வைஃபை பாஸ்வேர்டை இவள் கொடுத்திருந்தாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. பாஸ்வேர்டை மாற்றினேன். இரண்டு நாள் அந்தம்மா எங்கள் வாசலைப் பார்க்காமல் போனார். வேகம் மட்டும் கூடவில்லை. பழைய பாஸ்வேர்டையே திரும்பப் போட்டேன்.

இணைய நிறுவனத்தில் புகார் கொடுத்தால் ‘ஆள் வருவார்’ என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது. லைன்காரரை நேரே போனில் பிடித்தேன். வத்திராயிருப்புப் பக்கம் தேங்காய் லாரி மோதிக் கேபிள் அறுந்துகிடக்கிறது என்றார். மறுநாள் கிருஷ்ணன்கோவிலில் ஒரு ஹாஸ்டலில் இருந்தார். பின்னால் கேட்ட கூச்சலை வைத்துப் பார்த்தால், அங்கே இணையம் மெதுவாக இல்லை, முழுதாகவே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்டிப்பாக வருவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை வேலை விட்டு வந்த மனைவி, பரணிலிருந்து என் பழைய பையை இறக்கி காற்றுப் படும் இடத்தில் விரித்துவைத்தாள். ராத்திரி சாப்பிடும்போது அந்த மதுரை அறைக்கு இப்போது என்ன வாடகை இருக்கும் என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு லைன்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். முன்பு தெருத்தெருவாக டிவி கேபிள் இழுத்தவர். வயருக்குள் ஒளி எவ்வளவு வருகிறது என்று பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்றை வைத்திருந்தார். முதலில் வெளிச்சுவரில் இருந்த பெட்டியில் பார்த்தார். நன்றாக இருந்தது. உள்ளே வந்து மோடத்தில் செருகும் முனையில் பார்த்தார். மிகக் குறைவாக இருந்தது.

“வீட்டுக்குள்ளதான் அண்ணாச்சி கோளாறு” என்றவர், வயரைத் தொட்டுக்கொண்டே மேசைக்குப் பின்னால் போனார்.

அங்கே, சுவரில் ஆணியில், மிச்ச வயர் முழுவதும் இரண்டு விரல் அகலத்துக்குச் சுருளாகச் சுற்றித் தொங்கியது. ஒரு சுற்று இன்னொன்றை மீறவில்லை. நடுவில் தட்டையாக அமுக்கி, கம்பெனியின் வெள்ளை நூலால் நான்கு சுற்றுக் கட்டி, முடிச்சின் முனை உள்ளே செருகப்பட்டிருந்தது. மருந்துக்கடையில் வாங்கும் பேண்டேஜ் உருளை அப்படித்தான் இருக்கும்.

அது தரையில் புரண்டுகொண்டிருந்த வயர். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அவள் சுற்றி எடுத்துவைத்தாள். என்னைக் கூப்பிட்டும் காட்டினாள். இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று நானும் சொன்னேன். வெள்ளையடித்து முடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. என் நோட்டில் முதல் குறிப்பு அதற்கு மறுநாள், புதன்கிழமை. இரண்டு வாரம் ஊரையெல்லாம் விசாரித்தவன், அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டில் என்ன நடந்தது என்று விசாரிக்கவில்லை.

“யாரு சுத்துனது? கம்பெனிக் கட்டு மாதிரில்லா இருக்கு” என்றார் லைன்காரர், பாராட்டாகத்தான். “இது செம்புக் கம்பி இல்ல அண்ணாச்சி, கண்ணாடி நூலு. இறுக்கி மடக்கிட்டா வெளிச்சம் அங்கனயே ஒழுகிரும்.”

மனைவி அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான்தான் சுற்றினேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். என் கைவேலையைப் பார்த்தவர் யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

“நாந்தான் சுத்துனேன்” என்றாள். லைன்காரர் நூலை வெட்டிச் சுருளைப் பிரித்தார். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “நானே ஒங்கள மதுரைக்கு பஸ் ஏத்திவிடப் பாத்திருக்கேன்.”

“நல்லா இருக்குன்னு சொன்னது நான்லா” என்றேன்.

பிரித்த பிறகும் ஓர் இடத்தில் வயர் நசுங்கியே இருந்தது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை போட்டார். மணி ஆறே கால். மிச்ச வயரை அவர் கையில் எடுத்தபோது, அவள் வந்து வாங்கிக்கொண்டாள்.

“எம்புட்டு அகலம் இருக்கலாம்?”

“சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விடுங்கக்கா. கட்டுனாலும் தொளதொளன்னு கட்டுங்க.”

தொளதொளவென்று கட்டுவது அவளுக்குச் சிரமமாக இருந்தது. இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினாள். கம்பெனியில் இப்படிக் கட்டினால் சூப்பர்வைசர் திருப்பி எறிவார் என்று லைன்காரரிடம் சொன்னாள்.

பக்கங்கள் இறங்கின. முதல் பக்கத்தில் ஒரு தலைப்பிலேயே பிழை இருந்தது, அதைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. கடைசிப் பக்கத்தை ஆறு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் செய்தி ஆசிரியரிடமிருந்து ஒரு வரி வந்தது: திங்கள் பக்கங்களையும் அங்கேயே அனுப்புகிறேன்.

போனை அவளிடம் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, இரண்டு முறை படித்தாள்.

“திங்கள்னா, வார திங்கக்கெழம மட்டுமா? எல்லாத் திங்கக்கெழமையுமா?”

அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“எல்லாத் திங்கக்கெழமையுந்தான்” என்றேன்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள்.