களுத்துறையில் இறங்க வேண்டியவர்

இன்னைக்கு கண்டியில ரயில் ஏறி, கொழும்புல மாறி, கடலோரமா அளுத்கமைக்கு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நான் சொல்லச் சொல்ல மகள் போன்ல எழுதிப் போடுது.

கொழும்புல எதிர்ல வந்து உட்கார்ந்தவர், "பெரியவரே, களுத்துறை வந்தா சொல்லுங்க. கண்ணுல புரை, போர்டு தெரியல"ன்னார்.

குரலைக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு. வட்டகொடையில எங்க தேயிலைத் தோட்டத்துப் பழைய கணக்கப்பிள்ளை.

எனக்கு எழுத்துத் தெரியாது. லயத்து வீட்டை விட்டு கடல் தாண்டி ஊருக்கே திரும்பிப் போயிட்ட அம்மாவைப் பத்திக் கடுதாசி வந்தா, காலையில பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப அவர்தான் படிச்சுச் சொல்வார். "அம்மாவுக்கு ரொம்ப முடியல, உடனே வா"ன்னு வந்த கடுதாசியை, கொழுந்து மலிஞ்ச நேரத்துல ஆள் போயிடுவானேன்னு, "எல்லாரும் சுகம்டா"ன்னு படிச்சார்.

கருமாதி முடிஞ்சு அடுத்த கடுதாசி வந்துச்சு. ரெண்டையும் கடைக்கார நானாகிட்ட படிக்கக் குடுத்தப்பதான் விஷயம் தெரிஞ்சுச்சு.

பெரிய ஆத்துப் பாலம் தாண்டினா களுத்துறை. பாலம் தடதடன்னுச்சு.

"வந்திருச்சா?"ன்னார்.

"இன்னும் நேரம் கெடக்குங்க, சாஞ்சுக்குங்க"ன்னேன். சாஞ்சுக்கிட்டார்.

ரயில் களுத்துறையை விட்டுக் கிளம்பினதும் சொன்னேன்: "உங்க ஸ்டேசன் போயிருச்சுங்க. நான் ஏழாம் லயத்து மருதாயி மகன்."

"எந்த மருதாயி?"ன்னார்.

அவருக்கு ஞாபகம் வந்திருந்தா நடுவுல வர்ற பேருவளையிலயாவது இறக்கி விட்டிருப்பேன். அளுத்கமை வரைக்கும் வரவெச்சுட்டேன்.

தப்புன்னு நினைக்கிறவங்க தாராளமா பதில் போடுங்க. அவர் களுத்துறைக்குத் திரும்பிப் போற ரயில் சாயந்தரந்தானாம். அதை விசாரிச்சுட்டுத்தான் ஸ்டேசனை விட்டு வெளிய வந்தேன்.